பால்வாடிப் பிள்ளைக்கு எடை மட்டும் பார்த்தால் போதாது

நாலு வயது முடிந்த இரண்டு பெண் குழந்தைகளை எடுத்துக்கொள்வோம். இருவரும் 16 கிலோ. ஒருத்தியின் உயரம் 103 செ.மீ., இன்னொருத்தி 92 செ.மீ. வயதுக்கேற்ற எடை அட்டையில் இரண்டு பேருக்கும் புள்ளி ஒரே இடத்தில், பச்சைப் பட்டையின் நட்டநடுவில் விழும். நாலு வயதுப் பெண் குழந்தைக்கு நடுமதிப்பு எடையே 16.1 கிலோதான். "எடை சரியா இருக்குதுங்க" என்று சொல்லி இருவரையும் அனுப்பிவிடலாம்.

உயரத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் கதை மாறும். முதல் குழந்தையின் பிஎம்ஐ (கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் வரும் எண்) 15.1, அந்த வயதுக்கு மிகப் பொருத்தமான அளவு. இரண்டாவது குழந்தைக்கு 18.9. அவள் வயதுக்குரிய உயரமும் வளரவில்லை, இருக்கிற உயரத்துக்கு எடையும் மிஞ்சிவிட்டது. வளர்ச்சிக் குறைவும் கூடுதல் எடையும் ஒரே உடம்பில் சேர்ந்து, பச்சைப் பட்டைக்குள் ஒளிந்து நிற்கின்றன. இவளுக்கு "இன்னும் நல்லா சாப்பிடக் கொடுங்க" என்ற அறிவுரை கெடுதலையே செய்யும். உயரம் ஏன் நின்றது என்று யாராவது தேட வேண்டும். உயரத்தை அளக்காத இடத்தில் அந்தக் கேள்வியே எழாது.

2 முதல் 5 வயது வரையிலான பிள்ளைகளின் கூடுதல் எடையைக் கண்டுபிடிப்பதில் பாதி வேலை உயரத்தை ஒழுங்காக அளப்பதில்தான் இருக்கிறது. அதனால் இந்தப் பதிவிலும் அதற்குத்தான் அதிக இடம்.

முதலில் எந்தக் கோட்டை வைத்து முடிவு செய்கிறோம் என்பது. உலக சுகாதார நிறுவனம் 2006-ல் வெளியிட்ட வளர்ச்சித் தர அட்டைகளைத்தான் நம் அங்கன்வாடிகளும் குழந்தை மருத்துவர்களும் ஐந்து வயது வரை பயன்படுத்துகிறார்கள். பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில், தாய்ப்பாலும் நல்ல கவனிப்பும் கிடைத்த குழந்தைகளை அளந்து உருவாக்கியவை அவை. இந்தியாவில் டெல்லிக் குழந்தைகள் இருந்தார்கள். "அது வெள்ளைக்காரப் புள்ளைங்க கணக்கு, நம்ம புள்ளைக்குப் பொருந்தாது" என்று ஒதுக்க முடியாது.

அந்த அட்டையில் நடுக்கோட்டுக்கு மேலே மூன்று கோடுகள் உண்டு. +1 கோட்டைத் தாண்டினால் கூடுதல் எடைக்குப் போகும் வாய்ப்பு, கவனிக்க வேண்டும். +2-ஐத் தாண்டினால் கூடுதல் எடை. +3-ஐத் தாண்டினால் உடற்பருமன். வயதுக்கேற்ற பிஎம்ஐ அட்டையில், வரிசையாக நடுமதிப்பு, +1, +2, +3:

ஆண் 3 வயது: 15.6, 16.9, 18.4, 20.0
ஆண் 4 வயது: 15.3, 16.7, 18.2, 19.9
ஆண் 5 வயது: 15.2, 16.6, 18.3, 20.3
பெண் 3 வயது: 15.4, 16.8, 18.4, 20.3
பெண் 4 வயது: 15.3, 16.8, 18.5, 20.6
பெண் 5 வயது: 15.3, 16.9, 18.8, 21.3

போனில் இருக்கும் பிஎம்ஐ ஆப்களில் பெரும்பாலானவை பெரியவர்களுக்கானவை. நாலு வயதுப் பையனின் 18.9-ஐப் போட்டால் "நார்மல்" என்று காட்டும். 18.0 போட்டால் "எடை குறைவு" என்றே சொல்லிவிடும், ஏனென்றால் பெரியவர்களுக்கு 18.5-க்குக் கீழே குறைவு. அதைப் பார்த்துவிட்டு வீட்டில் ஒரு கரண்டி நெய் கூடுதலாக விழும். பிள்ளைகளுக்கு வயதும் பாலினமும் கேட்காத ஆப் எதையும் நம்பவே வேண்டாம்.

இனி அளவெடுப்பு. எடை மெஷினிலிருந்து ஆரம்பிப்போம், இது சுலபமான பாதி.

100 கிராம் வரை காட்டும் டிஜிட்டல் மெஷின் வேண்டும். முள் ஓடும் குளியலறை மெஷின் இந்த வேலைக்கு ஆகாது. தரை கெட்டியாக, சமமாக இருக்க வேண்டும். பாய், மிதியடி, பெயர்ந்து ஆடும் டைல்ஸ் மேல் வைத்தால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு எண் காட்டும். மாதம் ஒரு முறை, முத்திரை போட்ட 5 கிலோ எடைக்கல்லை மளிகைக் கடையில் இரவல் வாங்கி மெஷின் மேல் வைத்துப் பாருங்கள். நடுவில் ஒரு முறை, நாலு மூலையில் ஒவ்வொரு முறை. இரண்டு கல் கிடைத்தால் 10 கிலோவுக்கும் பாருங்கள். 100 கிராமுக்கு மேல் பிசகினால் முதலில் பேட்டரியை மாற்றுங்கள். அப்புறமும் அப்படியே இருந்தால் அந்த மெஷினை ஓரங்கட்டிவிடலாம்.

பிள்ளையை ஜட்டியோடு அல்லது மெல்லிய பனியனோடு நிறுத்த வேண்டும். ஜீன்ஸ், செருப்பு, சட்டைப் பையில் இருக்கும் பொம்மைக் கார் எல்லாம் சேர்ந்தால் அரைக் கிலோவைத் தொட்டுவிடும். கொலுசைக் கழற்றலாம். வெள்ளி அரைஞாண் கொடியைக் கழற்ற வீட்டில் சம்மதிக்காவிட்டால் வற்புறுத்த வேண்டாம், "கொடியுடன்" என்று ஓரத்தில் எழுதிவிட்டு அடுத்த முறையும் கொடியோடே நிறுத்துங்கள். பிள்ளை அழுது நிற்க மறுத்தால் அம்மா முதலில் ஏறி, மெஷினை சைபருக்குக் கொண்டுவந்து, பிறகு பிள்ளையை வாங்கிக்கொள்ளலாம். அம்மா இறங்கக் கூடாது, கையில் போன் இருக்கக் கூடாது, யாரும் பக்கத்தில் நின்று பிள்ளையின் கையைப் பிடித்துக்கொள்ளக் கூடாது.

உயரம்தான் சிக்கல் பிடித்தது. காரணம் கணக்கிலேயே இருக்கிறது. பிஎம்ஐ போடும்போது உயரத்தை உயரத்தாலேயே பெருக்கி வகுக்கிறோம். அதனால் எடையில் நூற்றுக்கு ஒரு பங்கு பிசகினால் பிஎம்ஐயும் ஒரு பங்குதான் பிசகும், உயரத்தில் ஒரு பங்கு பிசகினாலோ இரண்டு பங்கு பிசகும்.

நிறைய இடங்களில் ஒட்டகச்சிவிங்கி படம் போட்ட காகித அளவைச் சுவரில் ஒட்டியிருப்பார்கள். அதில் இரண்டு கோளாறு. ஒன்று, சுவரின் அடியில் டைல்ஸ் ஸ்கர்ட்டிங் ஒன்றிரண்டு செ.மீ. முன்னுக்கு நீட்டிக்கொண்டிருக்கும். பிள்ளையின் குதிகால் அதில் முட்டும், முதுகு சுவரைத் தொடாது, உடம்பு பின்னுக்குச் சாயும். இரண்டு, ஒட்டியவர் காகிதத்தின் சைபரைத் தரையில் வைத்தாரா, ஸ்கர்ட்டிங்கின் மேல் விளிம்பில் வைத்தாரா என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். கொத்தனாரின் இரும்பு டேப்பைத் தரையில் ஊன்றி, காகிதத்தின் 100 செ.மீ. கோடு டேப்பின் 100-க்கு நேராக இருக்கிறதா என்று பார்த்தால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். சுவரில் இரண்டு மீட்டர் உயரத்தில் ஆணி அடித்துத் தொங்கவிட்டு இழுக்கும் வகைக்கும் இதே சோதனைதான். ஆணி 198-ல் இறங்கியிருந்தால், அந்த மையத்துப் பிள்ளைகள் எல்லாருடைய உயரமும் 2 செ.மீ. தப்பு. அடிப்பலகையும் நகரும் தலைப்பலகையும் உள்ள, தனியாக நிற்கும் உயரமானியே நல்லது.

இரண்டு பேர் வேண்டும். செருப்பு, சாக்ஸ் கழற்றி, பிள்ளையைப் பலகையின் நடுவில் நிறுத்துங்கள். உதவியாளர் கீழே மண்டியிட்டு, ஒரு கையால் இரண்டு கணுக்காலையும் பலகையோடு சேர்த்து அழுத்திப் பிடித்து, இன்னொரு கையை முழங்கால் மேல் வைத்து மடங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். குதிகால், கெண்டைக்கால், புட்டம், தோள்பட்டை, பின்தலை ஐந்தும் பலகையைத் தொடுவது சரி. வயிறும் புட்டமும் பெருத்த பிள்ளைக்கு ஐந்தும் தொடாது, அப்போது பின்தலைக்காக முகத்தை மேலே தூக்கவிடாதீர்கள். கண்ணின் கீழ்விளிம்பும் காதுத் துளையும் ஒரே மட்டத்தில், தரைக்கு இணையாக இருப்பதே முக்கியம். அளப்பவர் இடது கையால் தாடையை லேசாகத் தாங்கி, வலது கையால் தலைப்பலகையை முடி அமுங்கும்வரை இறக்க வேண்டும். உச்சிக்கொண்டை, கிளிப், பூச்சரம் இருந்தால் முதலிலேயே எடுத்துவிடுங்கள். பிறகு உங்கள் கண்ணைத் தலைப்பலகையின் மட்டத்துக்குக் கொண்டுபோய்ப் படியுங்கள். நின்றபடி மேலிருந்து குனிந்து படித்தால் எண் பிசகும்.

0.1 செ.மீ. வரை எழுத வேண்டும். ஒரு பதிவேட்டில் எல்லா உயரமும் .0, .5 என்றே முடிந்தால், அங்கே யாரோ கண்மதிப்பில் எழுதுகிறார்கள் என்று அர்த்தம். பிள்ளையை இறக்கிவிட்டு, மறுபடி நிறுத்தி இரண்டாவது முறை அளந்து, இரண்டின் சராசரியை எழுதுங்கள். இரண்டுக்கும் 0.7 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் மூன்றாவது முறையும் அளக்க வேண்டும். உயரம் காலையிலிருந்து மாலைக்குள் கொஞ்சம் குறையும், ஆகவே எப்போதும் ஒரே நேரத்தில், முடிந்தால் காலையில் அளப்பது நல்லது.

இரண்டு வயது வரை படுக்கவைத்து நீளம், அதற்குப் பிறகு நிற்கவைத்து உயரம். படுத்த நீளம் நின்ற உயரத்தைவிட 0.7 செ.மீ. கூடுதலாக வரும். இரண்டரை வயதுப் பிள்ளை நிற்க மாட்டேன் என்று அடம்பிடித்துப் படுக்கவைத்து அளந்தால் 0.7 கழித்து எழுதுங்கள். இரண்டு வயது நிரம்பாத பிள்ளையை நிற்கவைத்து அளந்துவிட்டால் 0.7 கூட்டுங்கள்.

பிசகு எவ்வளவு தூரம் இழுத்துப்போகும் என்று ஒரு கணக்கு. நாலு வயதுப் பையன், உண்மையான எடை 19.5 கிலோ, உயரம் 104.0 செ.மீ. 1.04 × 1.04 = 1.0816. 19.5-ஐ அதால் வகுத்தால் 18.0. +2 கோடு 18.2, அவன் அதற்குக் கீழே, கவனிக்க வேண்டிய இடத்தில் இருக்கிறான். முழங்காலைப் பிடிக்காததால் உயரம் 102.5 என்று வந்தால் பிஎம்ஐ 18.6. உயரம் சரியாக இருந்து, ஜீன்ஸோடு எடை 19.9 என்று வந்தால் 18.4. இரண்டு தப்பில் எது நடந்தாலும் பையன் "கூடுதல் எடை" பட்டியலில் ஏறிவிடுவான். இரண்டும் சேர்ந்தால் 18.9. அடுத்த மாதம் வேறொருவர் ஒழுங்காக அளந்ததும் "குறைந்துவிட்டது" என்று எல்லாரும் மகிழ்வார்கள். பையனின் உடம்பில் எதுவும் மாறியிருக்காது.

அங்கன்வாடிகளில் பிள்ளைகளின் அளவைப் பதியும் அரசின் போஷன் டிராக்கர் ஆப்பில் இன்னொரு வகைத் தப்பு நடக்கிறது. எடையை மாதாமாதம் புதிதாகப் போட்டுவிட்டு, உயரத்துக்குப் பல மாதம் முந்தைய எண்ணையே திரும்பத் திரும்பப் போடுவது. மூன்று வயதுப் பெண் குழந்தை 96 செ.மீ.யிலிருந்து 98-க்கு வளர்ந்துவிட்டாள், எடை 17.2. ஆப்பில் இன்னும் 96 இருந்தால் பிஎம்ஐ 18.7. உண்மையில் 17.9. ஆப் தன்னிடம் கொடுத்ததை வைத்துத்தான் கணக்குப் போடும். ஒரு கையில் முப்பது பிள்ளைகளையும் அடுப்பையும் பார்த்துக்கொள்ளும் அங்கன்வாடி அக்காவைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அளவெடுக்கும் நாளில் உதவிக்கு ஒரு ஆள் கிடைத்தாலே இந்தத் தப்பில் பெரும்பகுதி காணாமல் போகும். பிள்ளையை விட வரும் அம்மாக்களில் இருவர் ஒரு மணி நேரம் நின்றால் போதும்.

வயதும் ஒரு அளவுதான். "நாலு நடக்குதுங்க" என்றால் மூன்று முடிந்திருக்கிறது என்று பொருள், அதை 4 என்று எழுதிவிடக் கூடாது. பிறப்புச் சான்றிதழைப் பார்த்து, நிறைந்த மாதங்களாக எழுதுங்கள். திருப்பூர், பல்லடம், அவினாசிப் பக்கம் பனியன் கம்பெனி வேலைக்காக வெளி மாநிலங்களிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். சிலரிடம் பிறந்த தேதிக்குச் சான்று இருக்காது. அப்படிப்பட்ட பிள்ளைக்கு வயதுக்கேற்ற பிஎம்ஐயை விட்டுவிட்டு, உயரத்துக்கேற்ற எடை அட்டையைப் பாருங்கள். அதற்கு வயது தேவையில்லை, +2, +3 என்ற எல்லைகளும் அதேதான். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பும் இந்த அளவைத்தான் எடுக்கிறது. அதன்படி இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட கூடுதல் எடைப் பிள்ளைகள் 2015-16-ல் நூற்றுக்கு 2.1, 2019-21-ல் 3.4. நம் ஊர்ப் பால்வாடிகளில் இன்னும் எடைக்குறைவுதான் பெரிய பிரச்சினை, அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒரே தராசும் ஒரே உயரப் பலகையும் இரண்டையும் கண்டுபிடிக்கும்.

எத்தனை நாளுக்கு ஒரு முறை? எடை மாதாமாதம் பார்க்கலாம். உயரமும் பிஎம்ஐயும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை போதும். இந்த வயதில் பிள்ளை வருடத்துக்கு ஏழெட்டு செ.மீ. வளரும், ஒரு மாதத்துக்கு 0.6 செ.மீ. அளவுக்குத்தான் வரும். அது அளவுப் பிசகுக்குள்ளேயே அடங்கிவிடும். மூன்று மாதத்தில் இரண்டு செ.மீ. அளவுக்கு வளர்ந்திருக்கும்போதுதான் கோடு எந்தப் பக்கம் போகிறது என்று நம்பிச் சொல்ல முடியும்.

கோட்டின் போக்குதான் முக்கியம். மேலே கொடுத்த எண்களை மறுபடி பாருங்கள். ஆண் குழந்தையின் நடுமதிப்பு பிஎம்ஐ 2 வயதில் 16.0, 3-ல் 15.6, 4-ல் 15.3, 5-ல் 15.2. ஒரு வயதைத் தாண்டியதிலிருந்து பிஎம்ஐ இறங்கிக்கொண்டே வந்து, ஐந்து ஆறு வயதுவாக்கில் அடிமட்டத்தைத் தொட்டு, பிறகுதான் ஏறும். கைக்குழந்தையாக இருந்தபோது இருந்த கன்னமும் தொடை மடிப்பும் இந்த வயதில் கரைவது இயற்கை. நம் வீடுகளில் பெரிய மனக்குறை இதனால்தான் வருகிறது. "போன வருசம் கொழுகொழுன்னு இருந்தானுங்க, இப்ப எளச்சுப் போயிட்டான்" என்று ஆத்தாவும் அம்மிச்சியும் கவலைப்பட, தட்டில் இன்னொரு கை சோறு விழும். அட்டையில் கோடு நடுக்கோட்டோடு ஒட்டி இறங்குவதை அவர்களுக்கே காட்டிவிட்டால் பாதிக் கவலை தீரும். "எளைக்கலைங்க ஆத்தா, உசரம் வளருது" என்று சொல்லி, போன வருடத்து உயரத்தையும் இந்த வருடத்து உயரத்தையும் சுவரில் தொட்டுக் காட்டுங்கள்.

கவலைப்பட வேண்டியது, இறங்க வேண்டிய வயதில் கோடு ஏறினால். மூன்று வயதில் 15.8, மூன்றரையில் 16.2, நாலில் 16.6 என்று போனால் இன்னும் எந்த எல்லையையும் தாண்டவில்லைதான், ஆனால் ஐந்து வயதுக்கு முன்பே பிஎம்ஐ ஏறத் தொடங்கும் பிள்ளைகளுக்குப் பின்னாளில் உடற்பருமன் வரும் வாய்ப்பு அதிகம். எச்சரிக்கை மணி இங்கேயே அடிக்க வேண்டும், +2 வரை காத்திருக்கக் கூடாது.

அப்போது செய்ய வேண்டியது எடையைக் குறைப்பது அல்ல. இந்த வயதில் பட்டினி போடுவது, எண்ணெயே இல்லாமல் கொடுப்பது, காலையில் வெந்நீரில் தேன் கலந்து கொடுப்பது எதுவும் வேண்டாம். எடை ஏறும் வேகத்தை மட்டும் தணித்தால் உயரம் மீதியைப் பார்த்துக்கொள்ளும். மேலே சொன்ன 19.5 கிலோ பையன் ஒரு வருடத்தில் 110 செ.மீ. ஆகி, எடை 20.5 கிலோவில் இருந்தால் பிஎம்ஐ 16.9-க்கு வந்துவிடும். வழக்கமாக இந்த வயதில் வருடத்துக்கு இரண்டு கிலோ ஏறும், இவனுக்கு ஒரு கிலோ ஏறினால் போதும்.

அந்த ஒரு கிலோ எங்கிருந்து குறையும் என்று தேட, ஞாயிறு உட்பட மூன்று நாளுக்குப் பிள்ளை வாயில் போனது எல்லாவற்றையும் யார் கொடுத்தார் என்பதோடு எழுதிப் பாருங்கள். அரிசிம்பருப்புச் சோறும் முட்டையும் பச்சைப்பயறும் கொள்ளு ரசமும் அல்ல குற்றவாளிகள். பால் ஒரு நாளைக்கு 500 மில்லியைத் தாண்டியிருக்கும், அதில் சர்க்கரையும், சர்க்கரை ஏற்கெனவே கலந்த சத்துப் பவுடரும் சேர்ந்திருக்கும். அப்பா ஷிப்ட் முடிந்து வரும்போது பேக்கரியில் ஒரு கிரீம் பன், தாத்தாவோடு டீக்குடிக்கப் போனால் ஒரு தேங்காய் பன், வீட்டில் டிவி முன்னால் ஒரு பாக்கெட் சிப்ஸ். ஒவ்வொருவரும் ஒன்றுதான் கொடுத்தார்கள், பிள்ளை மூன்றும் தின்றது. பேக்கரித் தின்பண்டத்தை வாரத்தில் ஒரு நாளாக்கி, பாலில் சர்க்கரையை நிறுத்தி, டிவி, போனை ஒரு மணி நேரத்துக்குள் வைத்து, மாலையில் களத்திலோ மொட்டை மாடியிலோ ஓடவிட்டாலே மூன்று மாதக் கோட்டில் தெரியும். உலக சுகாதார நிறுவனம் 3, 4 வயதுக்குச் சொல்வது நாளுக்கு மூன்று மணி நேர ஓட்டமாட்டம், அதில் ஒரு மணி நேரமாவது மூச்சு வாங்க. தூக்கம் 10 முதல் 13 மணி நேரம். பிள்ளை முன்னால் "குண்டு" என்ற சொல்லே எழ வேண்டாம், மாற்றம் வீடு முழுவதற்கும் சேர்த்து வரட்டும்.

சிலரை வீட்டுக் கவனிப்போடு நிறுத்தாமல் உடனே குழந்தை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். +3-ஐத் தாண்டிய பிள்ளை. குறட்டை விட்டு, தூக்கத்தில் மூச்சு தடைப்படும் பிள்ளை. கழுத்தின் பின்புறமும் அக்குளும் கறுத்துத் தடித்த பிள்ளை. நடக்கும்போது கால் வளையும் பிள்ளை. ஆஸ்துமாவுக்கோ சிறுநீரகக் கோளாறுக்கோ ஸ்டீராய்டு சாப்பிடும் பிள்ளை. முகமும் காலும் வீங்கியிருந்தால் அது கொழுப்பில்லை, நீர், அந்த எடையை வைத்து எந்தக் கணக்கும் போடக் கூடாது. எல்லாவற்றையும்விட, பருமனாக இருந்தும் குள்ளமாக இருக்கும் பிள்ளை. சாப்பாட்டால் மட்டும் பருத்த பிள்ளை பெரும்பாலும் வயதுக்கு உயரமாகவே இருக்கும். எடை ஏறி உயரம் நின்றால் தைராய்டு போன்ற ஹார்மோன் கோளாறைத் தேட வேண்டும், ஆரம்பத்தில் சொன்ன 92 செ.மீ. குழந்தையும் இந்த வரிசையில்தான் வருவாள். அங்கன்வாடிகளுக்கு வருடத்துக்கு இரண்டு முறை வரும் ஆர்பிஎஸ்கே (அரசின் குழந்தைகள் நலப் பரிசோதனைத் திட்டம்) மருத்துவக் குழுவிடம் இந்தப் பிள்ளைகளின் அட்டையை முதலில் எடுத்து நீட்டுங்கள்.

எல்கேஜி, யூகேஜி வைத்திருக்கும் பள்ளிகள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஐந்து வயது நிறைந்ததும் அட்டையும் எல்லைகளும் மாறும். உலக சுகாதார நிறுவனத்தின் 2007 அளவுகளில் +1-ஐத் தாண்டினாலே கூடுதல் எடை, +2-ஐத் தாண்டினால் உடற்பருமன். இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் 2015 அட்டை 5 முதல் 18 வயதுக்கானது, அதில் பெரியவர்களின் பிஎம்ஐ 23 (கூடுதல் எடை), 27 (உடற்பருமன்) ஆகியவற்றுக்கு இணையான கோடுகள் போட்டிருக்கும். பிஎம்ஐ 17.0 உள்ள பையன் நாலு வயது பதினோரு மாதத்தில் "கவனிக்கவும்", இரண்டு மாதம் கழித்து அதே 17.0-ல் "கூடுதல் எடை". பள்ளியிலிருந்து திடீரென்று சீட்டு வந்தால் பெற்றோர் பதறுவார்கள். புது அட்டை தொடங்கும்போது பழைய அட்டையின் கடைசி நாலு அளவுகளைத் தேதியோடு முதல் பக்கத்தில் எழுதிவிட்டு, எந்த அட்டையில் பார்த்தது என்பதையும் பக்கத்திலேயே குறித்துவிடுங்கள்.